வகுப்பறைக்காக நகைக்கடனை ஏற்றலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம் உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். 11 வயது மகனையும் 8 வயது மகளையும் போன ஜூனில் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். தனி இடம் இல்லை. மாமியார் ஹாலில் டிவி பார்ப்பார். மகன் சமையலறையில் அரிசி டிரம் மேல் நோட்டை வைத்து எழுதுகிறான். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இரண்டு பெட்ரூம் வீடு பார்த்திருக்கிறோம். இப்போது வாடகை 9,000, அங்கே 17,000. வங்கியில் உள்ள 12 பவுன் நகையை அடுத்த மாதம் திருப்பி வைக்கும்போது கூடுதலாக 2 லட்சம் வாங்கலாம் என்கிறார் கணவர். அட்வான்ஸுக்கும் மேசை நாற்காலிக்கும் அது போதும். நாத்தனார், 72,000 ரூபாய் ஆன்லைன் பாடத்தை வட்டியில்லாத தவணையில் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: வீடு மாறுவது அப்புறம் இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய மூன்று நகைக்கடன் ரசீதுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் ரசீது 1.8 லட்சம், மாமியார் ஆபரேஷனுக்கு. அடுத்த வருடம் அதே நகைக்கு 2.4 லட்சம்; கூடுதல் பணம் நாத்தனார் மகள் சடங்குக்குப் போயிருக்கிறது. அதற்கடுத்து 3.2 லட்சம். வட்டியை மட்டும் கட்டுகிறீர்கள், தங்கம் விலை ஏறியிருப்பதால் மேல்தொகை கிடைக்கிறது, வாங்கிவிடுகிறீர்கள். இதுவரை 42,000 வட்டி போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அடுத்த மாதம் இன்னொரு 32,000 காத்திருக்கிறது.

இப்போது அந்த அறையின் விலையைப் பாருங்கள். கூடுதல் வாடகை மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. புதிய 2 லட்சத்துக்கு 10% வட்டி 20,000. மொத்தம் 1,16,000. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மிச்சமானது 90,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் விழுங்கிவிட்டு, மேலும் 26,000 கேட்கிற அறை அது.

வங்கி கொடுக்குமா என்றால், கொடுக்கும். தங்கம் விலை ஏறியிருப்பதால் இந்த முறையும் மேல்தொகை கிடைத்துவிடும். கிடைக்கிறது என்பதற்காக வாங்கும் பழக்கம்தான் உங்கள் வீட்டைப் பிடித்திருக்கிறது.

ஆன்லைன் பாடம் வேண்டவே வேண்டாம். இந்த மாதிரித் தவணைகளில் பெரும்பாலும் பணம் கொடுப்பது வேறொரு நிதி நிறுவனம். மூன்றாம் மாதமே பிள்ளை டேப்லெட்டை மூடி வைத்தாலும் தவணை நிற்காது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். கதைப் புத்தகங்களுக்கு ஒரு ஞாயிறு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

அரிசி டிரம்முக்காக வருத்தப்படாதீர்கள். 11 வயதுப் பையன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, படியால் அரிசி அளந்து பின்னம் கற்றுக்கொண்டால் அது நல்ல வகுப்பறைதான். ஒரு மடக்கு மேசை வாங்குங்கள். காலை வெயில் ஏறும் வரை மொட்டை மாடி, அப்புறம் பெட்ரூம். மாமியாரிடம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை டிவி வேண்டாம் என்று கணவர் பேசட்டும். நீங்கள் பேசினால் மனத்தாங்கல் வரும்.

பள்ளிக் கட்டணத்தில் மாதம் மிச்சமாகும் 7,500-ல் 1,500 படிப்புக்கு. 6,000 ஒவ்வொரு மாதமும் அசலுக்கு. வட்டிக்காக ஒதுக்கும் போனஸ் 32,000-ஐயும் குறைக்காமல் கட்டினால், நான்கு வருடத்துக்குள் கடன் முடியும். பெரியவன் 14 வயது நிறைந்ததும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கப்புறம் படிப்புச் செலவு கூடும், அப்போது நகை கையில் இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் வங்கிக்குப் போகும்போது நகையை ஒரே கடனாக வைக்காமல், மூன்று தனிக் கடனாகப் பிரித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். 3 பவுன் செயினை 80,000-க்குத் தனியாக வைத்தால், மாதம் 6,000 வீதம் 14 மாதத்தில் செயின் கழுத்துக்கு வந்துவிடும். மேல்தொகை வேண்டாம் என்பதைக் கவுன்ட்டரில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். நாத்தனார் மறுபடி கேட்டால், மீதி இருக்கும் அசலைக் காட்டுங்கள்.