வாட்சு கட்டும் கை

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறவியிலிருந்தே எனக்கு இடக்கைப் பழக்கம். திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவர் வாங்கித் தந்த பேட்டரி வாட்சை வலது கையில்தான் கட்டுகிறேன். பெண்கள் வலது கையில் வாட்சு கட்டுவது ஆகாது என்று அத்தை தினமும் சொல்கிறார். இதயம் இடப்பக்கம் இருப்பதால் இடது கையில் கட்டினால்தான் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று கம்பெனியில் ஒருவர் சொல்கிறார். பெண்களுக்கு இடது கையில் நாடி பார்ப்பதால் அங்கே கட்டவே கூடாது என்கிறார் இன்னொருவர். நம் மரபு இதில் என்ன சொல்கிறது? அறிவியல் காரணம் ஏதாவது உண்டா? டயலை உள்பக்கம் திருப்பிக் கட்டலாமா? வாட்சு கட்டிய கையில் வளையல் போடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில், என் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய எச்.எம்.டி. ஜனதா ஒன்றை எடுத்துச் சாவி கொடுத்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் அக்கா கட்டியிருந்த வாட்சு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அந்த வாட்சு கையில் இருக்கும்போது உங்கள் கடிதத்தைப் படிக்க நேர்ந்ததால்தான், வழக்கமாக இத்தகைய கேள்விகளுக்குப் பதில் எழுதாத நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வளையல் போடுவது உங்கள் விருப்பம். டயலை உள்பக்கம் திருப்பிக் கட்டுவதைப் பேருந்து நடத்துநர்களும் செவிலியர்களும் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். கண்ணாடி எதிலும் இடிபடாது, கையைத் திருப்பாமலே மணி தெரியும். ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அளவுக்கு வாட்சு இறுக்கமாக இருந்தால் கையை மாற்ற வேண்டாம், வாரை ஒரு துளை தளர்த்துங்கள். நாடி பார்க்கும் சித்த வைத்தியர் எந்தக் கையில் எது இருந்தாலும் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் விரலை வைப்பார்.

மரபு என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவதில் நமக்கு என்ன மரபு இருக்க முடியும்? முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவிலேயே அது பெரும்பாலும் பெண்களின் நகையாகத்தான் இருந்தது. ஆண்கள் சங்கிலி கோத்த கடிகாரத்தைப் பையில் வைத்திருந்தார்கள். பதுங்குகுழியில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் அது ஆண்களின் மணிக்கட்டுக்கு ஏறியது. காந்தி இரண்டு கையிலும் கட்டாமல் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். உங்கள் அத்தை அவரிடம் என்ன சொல்லியிருப்பாரோ தெரியவில்லை. நம் பக்கத்தில் என் சிறுவயதுவரை தோட்டத்தில் நிழலைக் காலடியால் அளந்தார்கள். கோயமுத்தூர் மில்களின் சங்கு காதில் விழும் தூரத்தில் இருந்தவர்கள் சங்கு ஊதினால் உலை வைத்தார்கள். இதில் வலது கை எங்கே வந்தது, இடது கை எங்கே வந்தது?

ஆனால் பெரும்பாலானவர்கள் இடது கையில் கட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மரபும் இல்லை, உடம்பைப் பற்றியதும் இல்லை, கடிகாரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு சின்னத் திருகைப் பற்றியது.

வாட்சில் 3 என்ற எண்ணை ஒட்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் திருகைப் பாருங்கள். உங்களுடைய பேட்டரி வாட்சில் அதற்கு மணியைத் திருத்தி வைப்பதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. சாவி கொடுக்கும் வாட்சில் அதுதான் உயிர். தினமும் ஒரே நேரத்தில் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, உள்ளே சுருள்வில் இறுகிக்கொண்டே வந்து இனித் திரும்பாது என்று விரலுக்குத் தெரியும்வரை முறுக்க வேண்டும். அதன் பிறகு அது ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும். இப்போது உங்கள் வாட்சை இடது கையில் கட்டிப் பாருங்கள்: திருகு விரல்களின் பக்கம் பார்த்து நிற்கும், வலது கை தானாக வந்து அதைப் பிடிக்கும். அதையே வலது கையில் கட்டுங்கள்: திருகு முழங்கையைப் பார்த்துத் திரும்பிவிடும், இடது கை வாட்சைத் தாண்டிப் போய் வளைந்து அதைத் தேட வேண்டியிருக்கும், பாதியில் சலித்துப்போய்க் கழற்றிவிடுவீர்கள். உலகத்தில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால், அவர்களின் சும்மா இருக்கும் கையில் வாட்சும் வேலை செய்யும் கைக்கு எட்டும் பக்கத்தில் திருகும் அமைந்தன. திருகை 9 பக்கம் வைத்து இடக்கைக்காரர்களுக்கென்று செய்த வாட்சுகளும் உலகில் உண்டு; நம் ஊர்க் கடைகளில் நான் ஒன்றைக்கூடக் கண்டதில்லை.

ஆக, விதி இவ்வளவுதான்: வேலை செய்யாத கையில் வாட்சு. கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் தரகரும் வியாபாரியும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போது, துண்டுக்குள் போகிற கையில் யாரும் வாட்சு கட்டியிருக்க மாட்டார்கள், உள்ளே விரல் பேசுவதற்கு அது இடைஞ்சல். கணபதி, பீளமேடு பட்டறைகளில் லேத்துக்கு முன்னால் நிற்கிறவர் இரண்டு கையிலும் கட்டக் கூடாது. சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மிஷினைப் போடுவார், இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் வார் சிக்கினால் கையோடு போய்விடும். நீங்கள் இடது கையில் கத்தரியைப் பிடித்து நாள் முழுக்கப் பனியனில் பிசிறு வெட்டுகிறவர். உங்களுக்குச் சும்மா இருக்கும் கை எது?

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். இது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரும் சொல்லித் தராமலே உங்கள் கை சரியாகக் கட்டிக்கொண்டது. அதன் பிறகு உட்கார்ந்து அறிவியல் காரணம் உண்டா என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அறிவியல் காரணம் என்பது இப்போது நம் ஊரில் ஒரு மஞ்சள் துணி மாதிரி ஆகிவிட்டது, எதன் மேல் போர்த்தினாலும் அது சாமியாகிவிடுகிறது. வலது கையில் கட்டலாம் என்பதற்கு நான் இதயத்தையும் நரம்பையும் சேர்த்து ஒரு காரணம் ஜோடித்துக் கொடுத்தால் அதை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டுவீர்கள். அத்தையின் பக்கம் வேறொருவர் வேறொரு நரம்பைக் கொண்டுவருவார். இதற்கு முடிவே கிடையாது. எனக்குக் கை இப்படித்தான் என்று சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை?

ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அக்காவுக்கும் வரவில்லை.

அக்கா இடக்கைக்காரி. குழந்தையாக இருந்தபோது இடது கையில் சோற்றை எடுக்கக் கூடாது என்று அம்மாயி அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். சோறும் எழுத்தும் மாறின. கதிர் அறுப்பது, கோலம் போடுவது, கயிறு திரிப்பது எதுவும் மாறவில்லை. அவள் பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது தாய்மாமன் தம் கையிலிருந்த ஜனதாவைக் கழற்றி, வாரில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் இன்னும் இரண்டு துளை போட்டு, அவளிடம் கொடுத்தார். அவள் யாரையும் கேட்காமல் அதை வலது கையில் கட்டிக்கொண்டாள். காலையில் பால் கறந்துவிட்டு வந்ததும் அதைக் கழற்றி, வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் சாவி கொடுத்துவிட்டு மறுபடியும் கட்டுவாள்.

1975இல் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி டம்ளரை வலது கையால்தான் நீட்டினாள், அம்மா அதைப் பத்து நாளாகச் சொல்லியிருந்தார். டம்ளரை வாங்கிய மாப்பிள்ளையின் பெரியம்மா மணிக்கட்டைப் பார்த்தார். "வாட்சு ஏங் கண்ணு சோத்தாங்கையில கட்டியிருக்கறே?" என்றார். அக்கா பதில் சொல்லவில்லை. "பீச்சாங்கைப் பழக்கமா?" என்று அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த இடத்தார் வருவதற்கு முந்தைய இரவு அம்மாவே அந்த வாட்சைக் கழற்றி அவளுடைய இடது கையில் கட்டிவிட்டார். அந்தச் சம்பந்தம் முடிந்தது.

பொங்கலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். திருமூர்த்தி அணையிலிருந்து வரும் பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கால் பாசனம், சுற்றுத் தண்ணீர் விட்டால் ஒவ்வொரு காட்டுக்கும் முறை நேரம் குறித்திருக்கும், இரவானாலும் பகலானாலும் அந்த நேரத்தில் மடையைத் திறந்து அந்த நேரத்தில் அடைக்க வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் அந்த ஊரில் வாட்சு இல்லாதவன் ஏமாளி. ஒரு முறை நான் போயிருந்தபோது, வீட்டில் ஆண்கள் இல்லாததால் நடுச்சாமத்து முறைக்கு அக்காவே போனாள்; நான் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். இடது கையை முன்னே கொடுத்து மண்வெட்டியை வீசி வீசி மண்ணைத் தள்ளினாள். மண் நிறைந்த சாக்கை இழுத்து மடையில் போடும்போது சாக்கின் சணல் நூல் வாட்சின் திருகில் மாட்டி அதை வெளியே இழுத்துவிட்டது. இருட்டில் எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை. வெளியே வந்த திருகு ஈரமணலிலும் புடவையிலும் உரச உரச முள் பின்னால் நகர்ந்திருக்கிறது. அடுத்த காட்டுக்காரர் இரண்டு மணி முறைக்கு வந்து நின்றபோது அக்காவின் வாட்சில் ஒன்று முப்பத்தைந்து. பெரிய ஓரியாட்டம் ஆகிவிட்டது. அக்கா கையை நீட்டினாள், அவர் தம் கையை நீட்டினார், நான் இரண்டின் மேலும் வெளிச்சம் அடித்தேன். தண்ணீர் திருடுகிறவள் என்று அவர் சொன்ன சொல்லை அக்கா அன்று வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் உடுமலையில் வாட்சு பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டி, திருகின் அடியில் சேர்ந்திருந்த மண்ணை ஊசிமுனையால் சுரண்டிக்கொண்டே, "இடது கையில கட்டிட்டு அதே கையில மம்பட்டி புடிக்கறீங்களா?" என்று கேட்டார். கண்ணாடி தேய்ந்திருக்கும் விதத்தையும் திருகு வளைந்திருக்கும் விதத்தையும் பார்த்தே சொல்லிவிட்டார். அக்காவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, புறங்கையில், மிளகு அளவுக்கு ஒரு காய்ப்பு இருக்கும். கை மடங்கும்போதெல்லாம் திருகு அழுத்தி அழுத்தி விழுந்த காய்ப்பு அது. பழுது பார்ப்பவர் அதையும் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கையை மாற்றிக் கட்டு என்று திரும்பி வரும்போது நான் சொன்னேன். மாமியார் கேட்பார் என்றாள். மாமியார் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் சொன்னேன். பழகிவிட்டது என்றாள்.

இதற்குள் அந்தத் திருகுக்கே வேலை போய்விட்டது. 1969இல் ஜப்பானில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. டாடாவும் நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் ஓசூரிலிருந்து அத்தகைய வாட்சுகளை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நொடிக்கு ஐந்து முறை அடித்துக்கொண்டிருந்த ஜனதாவின் இடத்தில், நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகச் சில்லு வந்து உட்கார்ந்தது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை. இப்போது வருகிற ஸ்மார்ட் வாட்சுகள் பலவற்றில் எந்தக் கை என்று அதுவே கேட்கிறது. வலது கை என்று சொன்னால் அதற்கேற்ப நடந்துகொள்கிறது. கடிகாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலத்தில் உங்கள் அத்தை மட்டும் கேட்காமல் சொல்கிறார், நீங்களும் கேட்காமல் தலையாட்டப் பார்க்கிறீர்கள்.

அத்தையோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவரையும் யாரோ அப்படித்தான் மாற்றிக் கட்டவைத்திருப்பார்கள். அடுத்த முறை அவர் ஆகாது என்று சொல்லும்போது சமையலறையில் அவர் தேங்காய் துருவும் கையைக் காட்டி, அந்தக் கையில் வாட்சு கட்டிக்கொண்டு ஒரு மூடி துருவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குமேல் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் அமைதி வேண்டும் என்று நினைத்துக் கத்தரி பிடிக்கும் கைக்கு அந்த வாட்சை மாற்றினீர்கள் என்று தெரிந்தால், அம்மணி, எனக்கு உங்கள் மேல் உண்மையாகவே வருத்தம் உண்டாகும்.

இந்தப் பதிலை எழுதி முடித்ததும் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எழுபது வயதைக் கடந்துவிட்டாள். ஜனதாவை என்னிடம் கொடுத்த பிறகு வாட்சு கட்டுவதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளையிது சாவி குடுக்கற வாட்சா, பேட்டரி வாட்சா?" என்றாள். பேட்டரி என்றேன். "அப்பறம் என்னத்துக்கு இத்தனை ரோசனை?" என்றாள். ஜனதாவில் நூல் மாட்டிய இரவைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அன்னைக்கு அவுரு வாட்சுதான் சரியான மணி. எழுதிட்டயா அதை?" என்று கேட்டுவிட்டு, மடை மாற்ற நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.