என்பு மச்சை செயலிழந்த மகனை வெளிநாட்டுப் பரிசோதனைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லலாமா?

நீங்கள் இரவிரவாகக் கைப்பேசியில் ஆய்வுச் செய்திகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2019இல் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. நான் வைத்தியன் அல்லன், ஓய்வுபெற்ற எழுதுவினைஞன். தவறிருந்தால் அறிந்தவர்கள் திருத்தலாம், ஆனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

தங்கைக்கு அப்பிளாஸ்டிக் அனீமியா, அதாவது என்பு மச்சை போதிய குருதியணுக்களை உருவாக்காத உங்கள் மகனின் அதே நோய், என்று உறுதியான அன்று, ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய, குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகள் எட்டாயிரம்தான் இருந்தன. பாதசரம் உரசிய இடமெல்லாம் கணுக்காலில் நீலம் பாரித்திருந்தது. மச்சையைத் தாக்கும் நோயெதிர்ப்புச் சக்தியை அடக்க, குதிரையின் குருதியிலிருந்து எடுக்கும் ஏரீஜீ (ATG) மருந்தையும் சைக்ளோஸ்போரினையும் வைத்தியர் கூறியபோது அம்மா முகம் சுளித்தார். நானோ, முயலிலிருந்து எடுப்பது அதைவிட வலுவானதாமே என்று வாதிட்டேன். வைத்தியர் துண்டுச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு எண்களை எழுதினார்: 68, 37. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், முயல் மருந்தே வெல்லும் என்று எதிர்பார்த்து 120 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் குதிரை மருந்துக்குப் பலன் கண்டோர் 68 சதவீதம், முயல் மருந்துக்கு 37 சதவீதம்.

அப்படியும் எனக்குப் புத்தி வரவில்லை. வெளிநாட்டில் ‘ஸ்டெம் செல்’ ஏற்றுவதாகச் சொன்ன தரகர் ஒருவரை நம்பி, காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வாரங்களைத் தொலைத்தேன். முறையான ஆய்வில், பரிசோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் கேட்பதில்லை என்பதை அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஏரீஜீக்குப் பிறகு தங்கை விழுங்கிய, குருதியணு உற்பத்தியைத் தூண்டும் எல்ரொம்போபாக் மாத்திரையும் ஒருகாலத்தில் பரிசோதனை மருந்துதான். 2012இல் வெளியான ஆய்வில், முந்தைய சிகிச்சை பலிக்காத 25 பேரில் 11 பேருக்கு அது பலன் தந்தது. பாலிலுள்ள கல்சியம் அதை உடலில் சேரவிடாது என்பதால், அவளுடைய பால்தேநீர் நேரத்தைக்கூட மணிக்கூடு பார்த்தே தீர்மானித்தோம்.

மகனுக்கு உடன்பிறந்தோர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மகனின் திசுவோடு பொருந்தும் வாய்ப்பு ஒருவருக்கு நான்கில் ஒன்று. பொருந்தினால் இளவயதில் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையே முதலில் பேசப்படும். உறவினரின் குருதியை முன்பே ஏற்றினால், பிறகு மாற்றும் மச்சையை உடல் நிராகரிக்கக்கூடும்; அதனால்தான் தங்கைக்கு என் குருதியை ஏற்ற முதலில் மறுத்துவிட்டார்கள். நான் கோபப்பட்டேன், பிறகு சோதித்ததில் பொருந்தவுமில்லை. விமானச் சீட்டுக்கு முன் அந்தத் திசுப் பொருத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.