அப்பாவுக்கு 46 வயதில் மாரடைப்பு... எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 34, ஆண். அப்பாவுக்கு 46 வயதில் மாரடைப்பு. என் மொத்தக் கொலஸ்ட்ரால் 185. மாத்திரை, புகைப்பழக்கம் எதுவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம். ஆனால் அந்த 185ஐ நம்பிச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைப் பரம்பரை ஆபத்தாகவே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

உங்களுக்குத் தேவை ‘லைப்போபுரோட்டீன் ஏ’ பரிசோதனை. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒரு வகைத் துகள் இது; அதிகமானால் மாரடைப்பு ஆபத்து கூடும். வழக்கமான லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டில் இது இருக்காது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால், பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அதிகம். பத்தியம் இருந்தாலும் நடந்தாலும் இது இறங்காது. அதனால் நம் கையில் இருக்கும் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பரம்பரை ஆபத்து அதிகமுள்ளவர்களிலும், நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்ததை 2016இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வாரம் 150 நிமிட வேக நடை, இடுப்புச் சுற்று 90 செ.மீ.க்குள். டேப்பை வைத்து அளங்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேன்ட்டின் அளவு செல்லாது! லைப்போபுரோட்டீன் ஏ பரிசோதனைக்கு வெறும் வயிறு அவசியமில்லை.