படகு வாங்கலாம், பர்தட் கணவாயை யார் இழுப்பது?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோவில், டென்வர் பக்கம் அரோராவில் இருக்கிறோம். வண்டி 2018 டொயோட்டா ஹைலேண்டர், வி6, ஆல்வீல் டிரைவ். இழுவைத் திறன் 5,000 பவுண்டு. 21 அடி பழைய படகு ஒன்று விலைக்கு வருகிறது. 3,600 பவுண்டுதான் என்கிறார் விற்பவர். கோடையில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். பிள்ளைகள் இருவரையும் சேர்த்து ஆறு பேர் ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறி, பர்தட் கணவாய் தாண்டி கிரான்பி ஏரிக்குப் போய் வர ஆசை. ஊட்டி கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டியவன் நான். இன்னும் 1,400 பவுண்டு மிச்சம் இருக்கிறதே, தாராளமாக இழுக்கலாம்தானே? கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 1,365 பவுண்டு என்று வேறு ஏதோ போட்டிருக்கிறது, அது எதற்கு?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: முதலில் அந்த 1,400 பவுண்டைச் செலவழித்துப் பார்ப்போம். விற்பவர் சொன்ன 3,600, வெறும் படகின் எடை. இந்த அளவு படகுக்கான இரட்டை அச்சு டிரெய்லர் ஏறத்தாழ 1,000 பவுண்டு வரும். 40 காலன் பெட்ரோல் நிரப்பினால் 245. பேட்டரி, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி என்று ஒரு 250. கூட்டினால் 5,095. மிச்சம் போய்க் கடனாகிவிட்டது.

அடுத்து, நீங்கள் "ஏதோ" என்று தள்ளிய 1,365. என்னைக் கேட்டால் 5,000ஐ விட முக்கியமான எண் அதுதான். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து வண்டிக்குள் எவ்வளவு ஏறலாம் என்பதற்கான வரம்பு அது. டிரெய்லரின் முன்மூக்கு கொக்கியின் மேல் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். மொத்த டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 510 பவுண்டு. ஆறு பேருக்கு, பிள்ளைகளைக் குறைத்தே போட்டாலும், 710. பைகளுக்கு 150. ஆக 1,370. கொக்கியின் இரும்பையும், உங்கள் அம்மா கொண்டுவரப்போகும் ஊறுகாய் பாட்டில்களையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

மூக்கு எடையைக் குறைக்கப் படகைப் பின்னால் தள்ளிக் கட்டலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். மூக்கு லேசானால் டிரெய்லர் வாலாட்டும். இறக்கத்தில் ஒரு தரம் வாலாட்ட ஆரம்பித்தால் வண்டியையே இழுத்துத் திருப்பிவிடும்.

சரி, அந்த 5,000 எப்படி வந்தது? எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற தரநிலைப்படி சோதித்து வந்தது. அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமிருந்து மேலே போகும் நீண்ட ஏற்றம், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில். சும்மா சொல்லக் கூடாது, கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்வது தலா 150 பவுண்டில் இரண்டே பேரை. அந்த ஏற்றத்தின் உச்சியும் சுமார் 3,500 அடிதான். பர்தட் கணவாய் 11,307 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். உங்கள் 295 குதிரைசக்தி உச்சியில் 200க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். லாரிகளோடு வலது லேனில் ஊர்ந்து போவீர்கள். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக ஏறினால் ஏறிவிடலாம்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். டென்வரில் கியர்பாக்ஸ் பிரிக்கும் பட்டறையில் கை கறுத்தவன் நான். மலைக்குப் படகு இழுத்துப் போய்த் திரும்பிய குடும்ப வண்டிகள் எங்களிடம் வரும். எரிந்த கியர் ஆயில் நாற்றத்தோடு, நீலம் பாய்ந்த பிரேக் டிஸ்க்கும் அடிக்கடி இருக்கும். பர்தட்டின் உச்சியிலிருந்து விண்டர் பார்க் ஊர் ஏறக்குறைய 2,250 அடி கீழே. வண்டி, படகு, ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 10,500 பவுண்டு அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் காற்றும் டயர்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும்.

கல்லட்டியில் முதல், இரண்டாம் கியரிலேயே இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருப்பார்களே, அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். கியர் லீவரை 'எஸ்' பக்கம் தள்ளி, இறங்கத் தொடங்கும் முன்பே மூன்றாவதுக்கோ இரண்டாவதுக்கோ கொண்டுவாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். அழுத்தமாக மிதித்து 10 மைல் வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். வேகம் ஏறியதும் மறுபடி அப்படியே. பிரேக் ஆயில் பழசாக இருந்தால் சீசனுக்கு முன் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும்.

திரும்பி வரும்போது இன்னொன்று. ஐ-70 டென்வருக்குள் நுழையும் முன் மவுண்ட் வெர்னன் பள்ளத்தாக்கில் 6 சதவீத இறக்கம். "லாரிக்காரர்களே, நீங்கள் இன்னும் கீழே இறங்கிவிடவில்லை" என்று அங்கே பலகையே உண்டு. வளைவில் சமவெளி கண்ணில் பட்டதும் மலை முடிந்துவிட்டது என்று தோன்றும், முடிந்திருக்காது. 2019 ஏப்ரலில் பிரேக் போன லாரி ஒன்று இந்த இறக்கத்தில்தான் கட்டுப்பாடின்றி வந்து, லேக்வுட்டில் நின்றிருந்த வண்டிகள்மேல் மோதி 4 பேர் இறந்தார்கள். வழியில் இருந்த தப்பிக்கும் பாதையில் அது ஏறவில்லை. அந்தச் சரளைப் பாதை லாரிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரேக் போனால் நீங்களும் ஏறலாம்.

ஆகவே, இந்த வண்டியில், இந்தப் படகோடு, ஆறு பேராக வேண்டாம். படகு மனதுக்குப் பிடித்துவிட்டதென்றால் கோடை முழுக்க அதை ஏரிக்கரையிலேயே வாடகை இடத்தில் விடுங்கள். சீசன் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை, பெரிய பிக்அப் வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஹைலேண்டர் அப்பா அம்மாவோடும் ஊறுகாயோடும் நிம்மதியாக ஏறும். இல்லை, இழுத்தே தீருவேன் என்றால், டிரெய்லரோடு 3,500 பவுண்டுக்குள் அடங்கும் படகாகப் பாருங்கள். வாங்கும் முன் லாரி நிறுத்தத்தில் இருக்கும் 'கேட் ஸ்கேல்' எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் அதற்கு மழுப்பினால் அந்தப் படகே வேண்டாம்.

கேள்வி: டிரெய்லரில் பிரேக் இருக்கிறது, ஆனால் வண்டியில் அதற்கான கருவி எதுவும் வேண்டாம் என்றார்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் டிரெய்லர் சண்டித்தனம் செய்கிறது. பிரேக் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. படகு டிரெய்லர்களில் பெரும்பாலும் 'சர்ஜ் பிரேக்' இருக்கும். நீங்கள் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் வண்டியை முட்டும், அந்த முட்டலே அதன் பிரேக்கை அழுத்தும். மேட்டில் பின்னால் தள்ளும்போதும் அதே முட்டல்தான். ரிவர்ஸ் விளக்கின் கம்பி டிரெய்லருக்குப் போனால் ஒரு வால்வு பிரேக்கை விடுவித்துவிடும். 4 முள் ('பின்') உள்ள மின் இணைப்பில் அந்தக் கம்பி கிடையாது, 5 அல்லது 7 முள் உள்ளதைப் போடுங்கள். நீண்ட இறக்கத்தில் இந்த வகை பிரேக் விடாமல் அழுந்திக்கொண்டே வரும் என்பதையும் மனதில் வையுங்கள். கீழே வந்ததும் நிறுத்திச் சக்கர மையத்தின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை தண்ணீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் குளிர்ந்த ஏரித் தண்ணீரை பேரிங்குக்குள் உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் என் கணவர்.

பதில்: கியரில் இறங்கும்போது காலை எடுத்தாலே இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரியில் படகைச் சோதனை போடுவார்களாமே?

பதில்: ஆமாம். வரிச்சிப்பி போன்ற அந்நிய உயிரினங்கள் பரவாமல் இருக்கக் கொலராடோவில் இறக்கும் முன் பார்ப்பார்கள். வீட்டிலேயே சுத்தம் செய்து, அடி ப்ளக்கைக் கழற்றி நீரை வடித்து, காய வைத்துக் கொண்டுபோங்கள். வரிசை சீக்கிரம் நகரும். இறக்கும் முன் ப்ளக்கைத் திரும்பப் போடுங்கள். அதை மறந்துவிட்டுச் சாய்தளத்தில் நிற்பவர்களை எல்லா சனிக்கிழமையும் பார்க்கலாம்.