அரங்கேற்றத்துக்கு அவசரம் வேண்டாம்: ஆடற்கலை கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பரதநாட்டியம் குறித்து வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மூன்று ஆண்டுகளாகப் பரதம் கற்கிறாள். வரும் தை மாதமே அரங்கேற்றம் வைத்துவிடலாம் என்கிறார் ஆசிரியை. மண்டபம், பக்கவாத்தியம், ஆடை, ஒப்பனை, அழைப்பிதழ் என்று கணக்குப் போட்டால் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா. சிலப்பதிகாரத்தின் மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை (ஒரு தோற்கருவி), குழல், யாழ் ஆசிரியர்கள் என அத்தனை பேரும் அவளுக்குத் துணை நின்றார்கள். பள்ளிப் பாடம் போக வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே ஆட முடிகிற உங்கள் மகளிடம் அதை மூன்றே ஆண்டுகளில் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

அவள் ஆயத்தமா என்பதை வீட்டுக் கூடத்திலேயே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். அடவு எனப்படும் அடிப்படை ஆட்ட அசைவுகளில் ஒன்றான நாட்டடவை மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், ஆடச் சொல்லுங்கள். மூன்றாம் காலத்தில் முழங்கால் நிமிர்ந்து, உடல் மெல்ல மேலே எழும்பினால், அரைமண்டி (முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விரித்த பாதி அமர்ந்த நிலை) இன்னும் கைவரவில்லை என்று பொருள். பிறகு அவளை உட்காரவைத்து, கையால் தாளம் போட்டபடி சொற்கட்டை (ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களை) அவளே சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆடவிருக்கும் வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் பல்லவிக்கு என்ன பொருள் என்றும் கேளுங்கள். இவற்றில் தடுமாறினால் இன்னும் இரண்டு ஆண்டுகள் பயிலட்டும் என்று ஆசிரியையிடம் பணிவாகச் சொல்லிவிடலாம். நல்ல ஆசிரியர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். அதுவரை உள்ளூர்க் கோயிலில் சலங்கை பூஜை (முதன்முதலாகச் சலங்கை கட்டும் சடங்கு) செய்து, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் ஆகிய தொடக்க உருப்படிகளை மட்டும் ஆடினால் மேடைப் பழக்கம் வந்துவிடும். அதற்குப் பதிவு செய்த இசையே போதும்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் மாணவி. எங்கள் கிராமத்தில் எல்லோரும் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். "பரதம் தஞ்சாவூர்க்காரர்கள் ஆட்டம், நமக்கும் அதற்கும் என்ன?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– வாசகி, அரூர்

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதை ஒப்புக்கொள்ளுங்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சைச் சகோதரர்கள். தலைமுறை தலைமுறையாக அதை உடலில் சுமந்து காத்தவர்கள் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய பெண்கள். அவர்கள்மீது பழி சுமத்தப்பட்டு, 1947இல் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டமும் வந்த காலத்தில் அந்தக் குடும்பங்களில் பலர் மேடையை விட்டே விலகினார்கள். அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி (1918–1984) போன்ற சிலர் கடைசிவரை ஆடிக் காட்டினார்கள். இன்று சலங்கை கட்டும் எவரும், சென்னையில் பிறந்தவரானாலும், அவர்களுக்குக் கடன்பட்டவரே. இந்த வரலாற்றை அடவுகளோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால், உங்கள் மண்ணுக்கு இதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்களில் ஆடல்மகளான விறலி மீண்டும் மீண்டும் வருகிறாள். 103ஆம் பாடலில் அவள் ஒரு பக்கம் பதலை என்னும் தோற்கருவியும் மறுபக்கம் சிறுமுழவும் தொங்கச் சுமந்துவந்து, கவிழ்ந்து கிடக்கும் தன் மண்டையை (உணவுக் கலத்தை) நிமிர்த்தி நிரப்புவார் யார் என்று காட்டுவழியில் உட்கார்ந்திருக்கிறாள். 89ஆம் பாடலில் "உன் நாட்டில் போரிடுவோர் உண்டோ" என்று பகைவேந்தன் கேட்க, அடிக்கும் கோலுக்கு அஞ்சாத பாம்பு போன்ற இளைஞர் உண்டு என்றும், மன்றத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி ஒலித்தாலும் போர் வந்தது என்று எழும் தலைவன் உண்டு என்றும் விறலி விடை சொல்கிறாள்.

இந்த விடையை அபிநயத்தில் அமைத்துத் தருமாறு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். கோலுக்கு எதிரே சர்ப்பசீர்ஷக் கை (பாம்புத் தலையைக் காட்டும் முத்திரை) பின்வாங்காமல் நிமிர்வதும், மிருதங்கத்தில் ஒரே ஒரு மெல்லிய ஒலி எழ, உறங்கிய கண் சட்டென்று திறப்பதும் உங்கள் ஊர் மக்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் விழித்திருந்து, திரைக்குப் பின்னால் பாடியபடி வேடம் சிறிது சிறிதாக வெளிப்படும் அழகையும், விடிந்ததும் படுகளத்தில் துரியோதனன் வீழ்வதையும் பார்த்துப் பழகிய கண்கள் அவை. கூத்தை நீங்களும் கூர்ந்து பாருங்கள். கனமான மரக்கட்டை அணிகளைப் பூட்டிக்கொண்டு அந்தக் கலைஞர்கள் சுழலும்போது பாதம் எங்கே ஊன்றுகிறது என்று கவனியுங்கள். புதுமைக்காக அதன் அடிகளை எடுத்துப் பரதத்தில் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கற்க ஆசையிருந்தால் கூத்து வாத்தியாரிடம் முறையாகப் போய்க் கற்க வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடிந்ததும் மகள் முழங்கால் வலிக்கிறது என்கிறாள். வீட்டில் சிமென்ட் தரைதான்.
– தந்தை ஒருவர், ஓசூர்

பதில்: பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு ஒவ்வொன்றின் அதிர்ச்சியையும் சிமென்ட் தரை காலுக்கே திருப்பி அனுப்பிவிடும். மரப்பலகைத் தளம் அமைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் வழுக்காத கெட்டியான விரிப்பைப் போடுங்கள். அரைமண்டியில் முழங்கால் பாதம் நோக்கும் திசையிலேயே விரிய வேண்டும். இடுப்பிலிருந்து விரிக்காமல் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் வலி வரும். ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆடி ஆடியே சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: குறைந்த கட்டணத்தில் பரதம் கற்க எங்கள் பக்கம் வழி உண்டா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி கிருஷ்ணகிரியில் இயங்குகிறது. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. அதைவிடச் சிறியவர்கள் என்றால் ஜவகர் சிறுவர் மன்றத்தை அணுகுங்கள்; அங்கே 5 வயது முதலே சேர்த்துக்கொள்கிறார்கள்.