பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஜூனியர் கல்லூரி அணியில் பேஸ்பால் ஆடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாண்டுகளுக்கு முன் கோவையிலிருந்து சாக்ரமெண்டோவுக்குக் குடிவந்த தங்கள் மகனுக்குப் பல்கலைக்கழகப் பேஸ்பால் அணியில் இடம் கிடைக்கவில்லை என்றும், அங்கேயே படித்துக்கொண்டு பக்கத்து ஜூனியர் கல்லூரிக்காக (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் இதைக் கம்யூனிட்டி கல்லூரி என்றும் சொல்வார்கள்) ஆடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். என் மகனும் இதே ஆசையோடு இரண்டு ஆண்டுகள் அலைந்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி கல்லூரி அணியில் ஆடுகிறவர், ஆட்டப் பருவம் முழுவதும் குறைந்தது 12 யூனிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) பாடங்களில் பதிந்திருக்க வேண்டும். அவற்றை அந்தக் கல்லூரியிலேயே எடுத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பாடங்களைப் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பல்கலைக்கழகத்திலும் முழுநேர மாணவராக நீடிக்க இன்னொரு 12 தேவைப்படும். ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டுப்பாடமுமாக வாரம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே படிப்புக்கு மட்டும் 72 மணி நேரம் ஆகிறது. இதற்குமேல்தான் தினசரிப் பயிற்சியும், ஜனவரி இறுதி முதல் மே வரை வெளியூர் ஆட்டங்களும். பல்கலைக்கழகம் காலாண்டு முறையிலும் கல்லூரி செமஸ்டர் முறையிலும் நடந்தால் ஒன்றின் தேர்வு நாளில் மற்றொன்றின் ஆட்டம் வந்து நிற்கும்.

இதில் நம்மவர்கள் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர், அந்த விசாவுக்கு அடிப்படையான ஐ-20 சேர்க்கைப் படிவத்தைப் பட்டம் வழங்கும் நிறுவனமே தந்திருந்தால், இரண்டு கல்லூரிகளின் பாடங்களையும் கூட்டி முழுநேரக் கணக்குக் காட்டக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கேட்டுவிட்டு, விளையாட்டு விதியும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தங்கள் மகன், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருந்தால் படிப்பதற்குத் தடையில்லை. ஆனால் 21 வயது நிறைவதற்கு முன்பே அடுத்த விசாவுக்கு வழி செய்துவிடுங்கள்.

என் மகன் கம்யூனிட்டி கல்லூரியில் சரியாக 12 யூனிட் மட்டுமே எடுத்திருந்தான். மார்ச் மாதத்தில் வேதியியல் கடினமாக இருந்ததால், எங்களிடமோ பயிற்சியாளரிடமோ சொல்லாமல் அந்தப் பாடத்திலிருந்து விலகினான். அன்றே தகுதி போயிற்று. அது தெரியாமல் அவன் ஆடிய ஓர் ஆட்டத்தின் வெற்றியையும் அணி இழந்தது. தோழர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் காரிலேயே உட்கார்ந்திருந்த அந்த மாலையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே 12 போதும் என்று இருக்காமல் 15 எடுக்கச் சொல்லுங்கள்.

எனக்குச் சரியென்று படுவது, இரண்டில் ஒன்றை முழு மனத்தோடு தேர்ந்துகொள்வதுதான். பட்டமே முதன்மை என்றால், பல்கலைக்கழகங்களிலேயே மாணவர்கள் நடத்தும் கிளப் அணிகள் உண்டு. அவற்றுக்கெனத் தேசிய அளவிலான போட்டிகளும் நடக்கின்றன. ஆட்டமே முதன்மை என்றால், முறைப்படி விடுப்புப் பெற்றுக்கொண்டு ஜூனியர் கல்லூரியில் சேரட்டும். மாநிலவாசிகளுக்கு அங்கே ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம், தம்பி. டொமினிகன் குடியரசிலிருந்து பதின்வயதில் இங்கு வந்த ஆல்பர்ட் புஹோல்ஸ், கேன்சஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் என்ற கம்யூனிட்டி கல்லூரிக்காக ஆடியவர். தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் 1999இல் 13ஆம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார், பின்னர் 703 ஹோம் ரன்கள் அடித்தார். இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரரான பிரைஸ் ஹார்ப்பர் 2010 டிராஃப்டில் தெற்கு நெவாடா கல்லூரியிலிருந்து முதல் ஆளாகவே தேர்வானார்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். முதன்முதலில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் ஆடி முடிக்க வேண்டும் என்பது, பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் நெடுங்காலமாக இருந்துவரும் விதி; நீதிமன்ற வழக்குகளால் அண்மையில் இந்த விதிகள் அசைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, எதையும் கைவிடுவதற்கு முன் மூவரிடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: கல்லூரியின் விளையாட்டு ஆலோசகர், பல்கலைக்கழகப் பதிவாளர், வெளிநாட்டு மாணவர் அலுவலகம். விடுப்புக்குப் பின் அதே துறையில் மீண்டும் இடம் உண்டா என்பதைப் பதிவாளரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.