குருவிடம் கேள்வி கேட்கலாமா?

கேள்வி: என் மச்சான் ஒரு சாமியாரிடம் தீட்சை வாங்கியிருக்கிறார். என்னையும் கூப்பிடுகிறார். அந்தச் சாமியார் பேச்சில் எனக்குச் சில சந்தேகங்கள். சொன்னால், "குருவைக் கேள்வி கேட்கக் கூடாது, ஒருத்தருக்கு ஒரே குருதான்" என்கிறார். சரியா? (வாசகர், கரூர்)

பதில்: ராமானுஜரே கேட்டிருக்கிறார், நீங்கள் கேட்டால் என்ன?

அவர் பேரைச் சொன்னாலே திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்ன கதைதான் வரும். எனக்குப் பிடித்தது ஸ்ரீரங்கத்துப் பாடக் கதை. திருமாலையாண்டான் அவருக்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழி சொல்லிக்கொடுக்கிறார். அவர் ஓர் அர்த்தம் சொன்னால், ராமானுஜர் வேறோர் அர்த்தத்தை எடுத்து வைப்பார். ஆண்டானுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் குரு ஆளவந்தாரிடம் நான் கேட்காததெல்லாம் விசுவாமித்திர சிருஷ்டி" (அதாவது, உம் சொந்தக் கற்பனை) என்று பாடத்தையே நிறுத்திவிட்டார். சேதி தெரிந்து திருக்கோஷ்டியூர் நம்பி வந்தார் (ஆமாம், கோபுரக் கதையில் கோபித்துக்கொண்ட அதே நம்பிதான்). "இந்த அர்த்தத்தையும் ஆளவந்தார் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்" என்றார். பாடம் மறுபடி ஆரம்பித்தது. அப்புறமாவது ராமானுஜர் வாயை மூடிக்கொண்டாரா? அதுதான் இல்லை. "நீர் ஆளவந்தாரைப் பார்த்துப் பேசியதே கிடையாதே, அவர் கருத்து உமக்கு எப்படித் தெரியும்?" என்று ஆண்டான் கேட்க, "நான் அவருக்கு ஏகலைவன்" என்றாராம்.

ஒரே குரு என்பதும் அவர் விஷயத்தில் செல்லாது. வைணவ மரபு அவருக்கு ஐந்து ஆசாரியர்களைச் சொல்கிறது. மதுராந்தகத்தில் தீட்சை தந்தவர் பெரிய நம்பி. ராமாயணம் சொன்னவர் திருமலையில் இருந்த பெரிய திருமலை நம்பி. இன்னொருவரான திருவரங்கப்பெருமாள் அரையருக்குப் பதமான சூட்டில் பால் காய்ச்சிக் கொடுத்து, குளிக்க மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்து, ஆறு மாதம் பணிவிடை செய்த பிறகுதான் பாடமே கிடைத்தது. ஒருநாள் மஞ்சள் பதம் தப்பி அரையர் முகம் மாற, உடனே வேறு அரைத்தாராம். அர்த்தத்தில் விட்டுக்கொடுக்காத அதே மனிதர்! இளவயதில் அவருக்கு வேதாந்தம் சொன்ன யாதவப் பிரகாசரோ, கடைசியில் ராமானுஜருக்கே சீடரானார்.

மச்சானோடு ஒருமுறை போய் வாருங்கள். சந்தேகத்தை மரியாதையாக நேரிலேயே கேளுங்கள். சாமியார் முகம் சுளித்தால் உடனே எழுந்து வந்துவிட வேண்டாம், ஆண்டானுக்கும்தான் கோபம் வந்தது. பதிலே சொல்லாமல் ரசீது புத்தகத்தை நீட்டினால் மட்டும் செருப்பைத் தேடுங்கள்.